கீழ் இலைகள்

தோட்டத்தில் எனக்குத் துடைப்பம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் துடைப்பம், முகத்துக்கு நேரே துடைப்பக்கா. அக்காவைச் சேர்த்துவிட்டால் மரியாதை வந்துவிடும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கு அதில் கோபம் வந்ததில்லை, உள்ளுக்குள் பெருமைதான். ஆறு பசுமைக்குடில்களில் தரை தெரிகிற குடில் என்னுடைய நான்காவது மட்டுமே. தக்காளிச் செடி மேலே வளர வளரக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். மற்றவர்கள் கிள்ளிப் போட்டதோடு சரி, அது அங்கேயே கிடந்து காயும். நான் கிள்ளிய இலையை அன்றைக்கே கூட்டி, சாக்கில் அள்ளி, பின்பக்கக் குழியில் கொட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வெளியாட்கள் யாராவது பார்க்க வந்தால் சூப்பர்வைசர் நேராக என் குடிலுக்குத்தான் கூட்டி வருவார்.

அப்பேர்ப்பட்ட குடிலில்தான் வெள்ளை ஈ அதிகம். சொல்லும்போதே இப்பவும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளை ஈயைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கடுகளவுகூட இருக்காது. செடியை ஆட்டினால் மாவு பறப்பது போலக் கிளம்பும். உச்சியில் உள்ள இளம் இலைகளின் அடியில் முட்டை வைக்கும். பொரிந்து வரும் குஞ்சு ஒரு வெள்ளைச் செதிலாக இலையோடு ஒட்டிக்கொண்டு, நகராமல் உட்கார்ந்து சாறு குடிக்கும். இலையும் காயும் பிசுபிசுத்துப்போய், அதன்மேல் கரி படரும். ஒவ்வொரு குடிலிலும் பசை தடவிய மஞ்சள் அட்டைகள் தொங்கும். திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் பூதக்கண்ணாடியோடு வந்து அட்டைக்கு எத்தனை ஈ என்று எண்ணுவார். ஐம்பதைத் தாண்டினால் மருந்து என்பது சட்டம்.

மருந்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் பதினொரு வருஷம் மருந்தடித்தவர். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு ஆறு குடிலையும் ஒரே நாளில் முடிப்பார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு மத்தியானம், இரண்டாவது குடிலில் வரிசைக்கு நடுவே விழுந்து கிடந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்ணின் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஒரு தடவை இது உடம்புக்குள் போனால் பிழைப்பதற்கு நான் பொறுப்பில்லை என்றார். உயிர் வந்தது. வலது கை நடுக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் முதலாளியம்மா குளவி வாங்கினார். குளவி வருகிறது என்றதும் பெண்கள் நாங்கள் எல்லோரும் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றோம். வந்ததோ விரலகல அட்டை. அதில் மிளகுத்தூள் சிந்தின மாதிரி கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிக்குள் இருக்கிறதாம் குளவி. மனுஷரைக் கொட்டாது. வெள்ளை ஈயின் செதில் குஞ்சைத் தேடிப் போய் அதற்குள் ஒரு முட்டை வைக்கும். உள்ளேயே பொரிந்து, குஞ்சை உள்ளிருந்தே தின்று வளரும், வெள்ளைச் செதில் கறுத்துப்போகும். கொடுமைதான். ஆனால் என் வீட்டுக்காரருக்குப் பதில் அது வேலை செய்கிறது என்றால் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். அவரைப் பாக்கிங் ஷெட்டுக்கு மாற்றினார்கள். பெட்டியில் லேபிள் ஒட்டுகிற வேலை.

அந்தத் திங்கட்கிழமை என் குடிலில் அட்டைக்கு எழுபத்து மூன்று. பக்கத்துக் குடிலில் பன்னிரண்டு.

"சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு நாலாவது குடிலுக்கு மருந்து," என்றார் சூப்பர்வைசர். "மேடத்துக்கிட்டயும் சொல்லிட்டேன். இந்தக் குளவி எல்லாம் உங்க குடிலுக்கு ஒத்து வரலம்மா."

"யார் அடிக்கப் போறாங்க சார்?"

அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். மருந்தடிக்க லைசென்ஸ் வைத்திருந்த இன்னொருவர் போன மாதமே வேறு வேலைக்குப் போய்விட்டார். மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

"ஒரு குடில்தானே. புது முகமூடி வாங்கித் தரேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டார்."

சூப்பர்வைசரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன், கெஞ்சினேன், கத்தினேன். அவருக்குப் பயம், குடில் போனால் அவர் வேலையும் போகும். பயந்த மனுஷன் காதில் எதுவும் ஏறாது.

வீட்டில் அன்றைக்குச் சட்டி பானை உருளாத குறை.

"சரின்னு எப்படிச் சொன்னீங்க?"

"ஒரு தடவைதானே."

"டாக்டரும் அதையேதான் சொன்னார். ஒரு தடவைன்னு."

அவர் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுங்கும்போது அப்படித்தான் வைத்துக்கொள்வார். "நான் ஒட்டற லேபிள் எல்லாம் கோணலாப் போகுது," என்றார். "நான் அந்தப் பக்கம் திரும்பினதும் பொண்ணுங்க உரிச்சுட்டு வேற ஒட்டறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. டேங்கை மாட்டிக்கிட்டா நான் ஒரு ஆளு. அது உனக்குப் புரியாது."

புரிந்தது. இவருடைய ரோஷத்தோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

மூன்றாவது குடில் என் ஓரகத்தியுடையது. என் கொழுந்தன் பொண்டாட்டி. சோம்பேறித்தனத்துக்குப் பரிசு கொடுத்தால் அதை வாங்க எழுந்து வரமாட்டாள், கொண்டுவந்து கொடுக்கச் சொல்வாள். அவள் குடிலில் கால் வைத்தால் கணுக்கால் வரை காய்ந்த இலை. அவளுக்குப் பன்னிரண்டு, எனக்கு எழுபத்து மூன்றா? மஞ்சள் அட்டையை முந்தின நாளே மாற்றி வைக்கிறாள், வேறென்ன. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று போனேன்.

சாக்கை விரித்துப் படுத்திருந்தாள்.

"அட்டையை மாத்தறியா நீ?"

"அக்கா, அதுக்கு ஏணியில ஏறணும்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "நான் ஏறுவேனா?"

நியாயமான பதில்தான். ஆனாலும் விடவில்லை. "இதென்ன குடிலா, குப்பைமேடா? கிள்ளின இலையை எடுத்துப் போட்டா என்ன?"

"குனிஞ்சா எந்திரிக்க முடியலக்கா. இடுப்பு பிடிச்சுக்குது. கிடந்தா கிடக்கட்டும், அது யார் சோத்துல மண்ணைப் போடுது?"

நான் ஆத்திரத்தில் ஒரு கை இலையை அள்ளி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். நீட்டினபோதுதான் இலையின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். குளவி அட்டையில் வந்த அதே புள்ளிகள். இடுப்பில் செருகியிருந்த என் சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பாதிப் புள்ளிகளில், குண்டூசியால் குத்தினது போல, ஒரு வட்ட ஓட்டை. மீதிப் புள்ளிகள் மூடியே இருந்தன. ஓட்டை ஒன்றின் பக்கத்தில், கறுப்புத் தலையும் மஞ்சள் வயிறுமாக, தூசி அளவில் ஒன்று நின்று காலைத் துடைத்துக்கொண்டிருந்தது.

நான் அப்படியே அந்தக் குப்பையில் உட்கார்ந்துவிட்டேன்.

குளவி முட்டை வைப்பது உச்சி இலையில் உள்ள குஞ்சில். குஞ்சு கறுக்கப் பத்து நாள். குளவி ஓட்டை போட்டு வெளியே வர இன்னும் பத்து நாள். அதற்குள் செடி வளர்ந்து அந்த இலை கீழே இறங்கிவிடும். கீழே வந்ததும் நான் கிள்ளுவேன். கிள்ளினதைக் கூட்டுவேன். கூட்டினதைப் புதைப்பேன். ஒன்றரை வருஷமாக, நாள் தவறாமல், முதலாளியம்மா வாங்கி விட்ட குளவிகளின் அத்தனை பிள்ளைகளையும் பிறக்கிற சமயத்தில் மண்ணைப் போட்டு மூடியது நான். சோம்பேறியின் குடிலில் அவை நிம்மதியாகப் பிறந்து மேலே பறந்து போய் வேலையைப் பார்த்திருக்கின்றன. சுத்தம் சுத்தம் என்று என் புருஷன் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

"அக்கா, ஏன் அழறே? நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"உன் குப்பையில பாதி எனக்கு வேணும்."

"தாராளமா எடுத்துக்கோ. ஆனா நீதான் குனியணும்."

வியாழக்கிழமை முழுக்கக் குனிந்தேன். ஒன்பது சாக்கு. கொழுந்தனின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் என் குடிலில் வரிசை வரிசையாகக் கொட்டிப் பரப்பினேன். கூட்டி வழித்த என் தரையில் குப்பையைக் கொட்டுவது எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். வீட்டிலும் இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை ஜன்னலில் வைத்தேன். ஒன்றில் கறுப்புப் புள்ளி இலை, இன்னொன்றில் என் குடிலின் வெள்ளைச் செதில் இலை. என் வீட்டுக்காரர் பார்த்தார், என்ன என்று கேட்கவில்லை. எங்களுக்குள் பேச்சு நின்று மூன்று நாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் குடிலுக்குள் வந்து கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? உங்க குடிலா?"

சொன்னேன். புள்ளியைக் காட்டினேன், ஓட்டையைக் காட்டினேன்.

"கறுப்பா இருந்தா என்ன, வெள்ளையா இருந்தா என்ன? எல்லாம் பூச்சிதானே. பக்கத்துக் குடில் பூச்சியை வேற கொண்டுவந்து கொட்டியிருக்கீங்க. சாயங்காலத்துக்குள்ள இதைச் சுத்தம் பண்ணணும். காலைல ஏழு மணிக்கு மருந்து."

"மேடம் வரட்டும் சார். பார்த்துட்டுச் சொல்லட்டும்."

"மேடம் பத்து மணிக்குத்தான் வருவாங்க. அதுக்குள்ள அடிச்சு முடிச்சாகணும். அவங்க சொன்னதைத்தான் நான் செய்யறேன்."

ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் மூன்று மணி நேரம். எனக்கு வேண்டியது அந்த மூன்று மணி நேரம்தான். அன்று சாயங்காலம் நான் கூட்டவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஜன்னலுக்குப் போனேன். முதல் பாட்டிலின் கண்ணாடியில் தூசி ஊர்ந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அத்தனையும் குளவி. இரண்டாவதில் நாலைந்து வெள்ளை ஈ. அவை வெளியே வந்த செதில்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிழிந்திருந்தன. குளவி வந்தவற்றில் சுத்தமான வட்டம். எது யார் வந்த வாசல் என்று இனி ஒருத்தரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில்களைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் எழும் முன்பே கிளம்பிவிட்டேன்.

ஓரகத்தியையும் வரச் சொல்லியிருந்தேன். "உக்கார்ற வேலைதானே? வரேன்," என்றாள். இரண்டு பேரும் உள்ளே போனதும், இழுத்துச் சாத்தும் கதவின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே என் துடைப்பக் கட்டையைச் செருகினேன். நல்ல மூங்கில். அவள் உடனே இலைக் குவியலில் சாய்ந்துகொண்டாள். எனக்கு அப்போது அவள்மேல் வந்த பாசம் அதுவரை வந்ததே இல்லை.

சரியாக ஏழு மணிக்கு அவர்கள் வந்தார்கள். சூப்பர்வைசர் முன்னால். பின்னால் என் வீட்டுக்காரர், நீல உடுப்பு, புது முகமூடி, முதுகில் டேங்க். நிமிர்ந்து நடந்து வந்தார். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் அவர் அப்படி நடப்பதைப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருந்தார். அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

சூப்பர்வைசர் கதவை இழுத்தார், தட்டினார். "என்னம்மா விளையாட்டு இது? வெளிய வாங்க."

"வர மாட்டேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும். போன பின்னாடியும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

"நான் இல்லேங்க சார், எனக்கு வேலை வேணும்," என்றாள் ஓரகத்தி படுத்தபடியே. "ஆனா இடுப்பு பிடிச்சுக்கிச்சு, எந்திரிக்க முடியல."

சூப்பர்வைசர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "உங்க பொண்டாட்டிதானே. நீங்க சொல்லுங்க."

"மருந்து அடிச்சே தீரணும்னா நீங்க மாட்டிக்கோங்க சார் அந்த டேங்கை," என்றேன். "உங்க முதுகும் முதுகுதானே."

அவர் டேங்கிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்.

என் வீட்டுக்காரர் குடிலின் கண்ணாடிச் சுவரை ஒட்டி வந்து நின்றார். முகமூடிக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "கதவைத் திற. நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தாதே."

நான் பாட்டிலைக் கண்ணாடியில் ஒட்ட வைத்துப் பிடித்தேன். "இதைப் பாருங்க. இதுதான் குளவி. உங்க இடத்துல வேலை செய்ய வந்தது. நல்லாத்தான் செஞ்சுது. நான்தான் விடல. இலையைக் கூட்டிக் கூட்டிப் புதைச்சேன், அதுக்குள்ள இது இருந்துச்சு. இந்தக் குடில் கெட்டதுக்குக் காரணம் குளவி இல்ல. நான். தப்பு என்னோடது."

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு தப்பைக்கூட ஒத்துக்கொண்டதில்லை. பால் பொங்கினால் அடுப்பு சரியில்லை, சாவி தொலைந்தால் வைத்தவர் சரியில்லை. அவருக்கு அது தெரியும், அவர் அம்மாவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும்.

"என்ன சொன்னே?"

"தப்பு என்னோடதுன்னு சொன்னேன். இன்னொரு தடவை கேட்டா சொல்ல மாட்டேன்."

முகமூடிக்குள் அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. கையை உயர்த்தி அதைக் கழற்றினார். முகம் முழுக்க வியர்வை. பிறகு தோளில் இருந்த டேங்கின் கொக்கியைப் பிடித்தார். விரல் நிற்கவில்லை. ஒரு தடவை முயன்றார், வழுக்கியது. இன்னொரு தடவை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் என் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். போய் அவிழ்த்துவிட வேண்டும் போல இருந்தது, கதவைத் திறக்கவும் பயம். மூன்றாவது தடவையும் வராதபோது அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"சார், இதைக் கொஞ்சம் அவிழ்த்து விடுங்க," என்றார். "எனக்குக் கை நிக்காது. ரொம்ப நாளாவே நிக்கல. ஆள் உள்ள இருக்கும்போது மருந்தடிக்கக் கூடாதுன்னு லைசென்ஸ்ல இருக்கு. கை நடுங்கறவன் அடிக்கலாமான்னு அதுல இல்ல. நானே சொல்றேன், அடிக்கக் கூடாது."

சூப்பர்வைசர் கொக்கியை அவிழ்க்கும்போது அந்தக் கையைப் பக்கத்தில் பார்த்தார். டேங்கைத் தானே தூக்கித் தரையில் வைத்தார். அதற்கப்புறம் அவர் கதவைத் தட்டவில்லை. மூன்று பேரும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பத்து மணிக்காகக் காத்திருந்தோம். நாலாவது ஆள் தூங்கிவிட்டாள்.

முதலாளியம்மா வந்ததும் துடைப்பக் கட்டையை உருவிக் கதவைத் திறந்தேன். அவர் பாட்டில்களை வாங்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். கிழிந்த செதிலையும் வட்ட ஓட்டையையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தார். "இலையைப் புதைச்சீங்களா?" என்றார். "ஆமாம் மேடம்," என்றேன், தலையைக் குனியாமல். மூன்று திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார். அதற்குள் குறையாவிட்டால் செடியை வெட்டிவிட்டுப் புதிதாக நடலாம், இவரை இனி டேங்க் பக்கம் அனுப்ப வேண்டாம் என்றும் சூப்பர்வைசரிடம் சொன்னார்.

முதல் திங்கட்கிழமை எண்பத்தொன்று. சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். நான் திருப்பி அதே மாதிரி பார்த்தேன். அடுத்த திங்கள் ஐம்பத்தெட்டு. மூன்றாவது திங்கள் முப்பத்து நான்கு. அவர் இரண்டு முறை எண்ணினார். மூன்றாம் முறை பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். முப்பத்து நான்குதான்.

என் வீட்டுக்காரர் இப்போது குடில்களில்தான் இருக்கிறார். கிள்ளிய இலைகளைத் திருப்பிப் பார்த்து, ஓட்டை விழுந்தவற்றைத் தனியாகக் கழித்து, விழாதவற்றைச் செடிக்கடியில் வைக்கிற வேலை. கை நடுங்கினாலும் இலை கோபித்துக்கொள்வதில்லை. யாரும் பின்னாலேயே வந்து திருத்தி வைப்பதும் இல்லை.

வெளியாட்கள் வந்தால் சூப்பர்வைசர் என் குடிலுக்குக் கூட்டி வருவதில்லை. தரையெல்லாம் காய்ந்த இலை, பார்க்க நன்றாக இருக்காதாம். சாயங்காலம் கிளம்பும்போது இன்னும் எனக்குக் கை பரபரக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு இலைகளைத் தாண்டி வருவேன். துடைப்பத்தைக் கதவருகில்தான் சாத்தி வைத்திருக்கிறேன். கூட்டுவதற்கு அல்ல.